பதின்மூன்றாம் குழி

1896 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் கோல்ஃப் போட்டி இரண்டாவது ஆண்டாக நடந்தது. ஆட வந்தவர்களில் ஜான் ஷிப்பனுக்கு 16 வயதுதான். கறுப்பினப் பாதிரியார் ஒருவரின் மகன். அதே மைதானத்தில் மட்டைப் பை சுமந்து, ஸ்காட்லாந்துக்காரர் வில்லி டன்னிடம் ஆட்டம் பழகியவர். ஷின்னகாக் பூர்வகுடியைச் சேர்ந்த ஆஸ்கர் பன்னும் பெயர் கொடுத்திருந்தார்.

இவர்கள் ஆடினால் நாங்கள் ஆடமாட்டோம் என்று மற்ற வீரர்கள் முரண்டு பிடித்தார்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கத் தலைவர் தியோடர் ஹேவ்மயர் மசியவில்லை. இந்த இருவர் மட்டுமே மிஞ்சினாலும் போட்டி நடக்கும் என்றார். முரண்டு பிடித்தவர்கள் மட்டையை எடுத்துக்கொண்டு வந்து ஆடினார்கள்.

இரண்டாம் சுற்றில் பதின்மூன்றாம் குழிக்கு வரும்வரை ஷிப்பனுக்கு வெல்லும் வாய்ப்பு இருந்தது. அங்கே அடித்த பந்து மணற்பாதையில் போய் விழுந்தது. மீட்க மீட்க மணலிலேயே புதைந்தது. 4 அடிகளில் முடித்திருக்க வேண்டிய குழிக்கு 11 அடிகள் ஆயின. கடைசியில் வென்ற ஜேம்ஸ் ஃபூலிஸின் கணக்கு 152, ஷிப்பனுடையது 159. அந்த ஒரு குழியில் போன 7 அடிகள்தான் வித்தியாசம்.

ஒரு தலைவரின் உறுதியால் திறந்த கதவு அது. எந்த விதியும் அதைக் காக்கவில்லை. 1934-இல் பி.ஜி.ஏ. என்னும் தொழில்முறை வீரர்கள் சங்கம், வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்று தன் சட்டத்திலேயே எழுதிவைத்தது. அப்போது ஷிப்பன் நியூ ஜெர்சியில், கறுப்பின மக்களின் ஷேடி ரெஸ்ட் கிளப்பில் ஆட்டம் சொல்லிக்கொடுத்து, புல்தரையையும் பராமரித்து வந்தார்.

அந்த வரியை அழிக்க 27 ஆண்டுகள் பிடித்தன. கலிபோர்னியாவின் அரசு தலைமை வழக்கறிஞர் ஸ்டான்லி மாஸ்க், மாநிலத்தின் பொது மைதானங்களை இந்தச் சங்கத்துக்குத் தரமுடியாது என்று நின்றதும் முக்கியக் காரணம். 1961-இல் விதி போனது. சார்லட் நகரில் சிறுவயதில் மட்டைப் பை சுமந்த சார்லி சிஃபோர்ட் உள்ளே வந்தார். வயது ஏறக்குறைய 40. நல்ல ஆட்டக்காலம் வெளியிலேயே கழிந்திருந்தது. இருந்தும் 1967-இல் ஹார்ட்ஃபோர்டில் கோப்பையை வென்றார். அகஸ்டாவின் மாஸ்டர்ஸ் போட்டிக்கு மட்டும் கடைசிவரை அவருக்கு அழைப்பு வரவில்லை. அங்கே முதலில் ஆடிய கறுப்பினத்தவர் லீ எல்டர், 1975-இல். 1997-இல் 21 வயது டைகர் வுட்ஸ் 12 அடி வித்தியாசத்தில் அங்கே வென்ற நாளில் எல்டர் நேரில் வந்து பார்த்தார்.

ஷிப்பன் 1968-இல் காலமானார். பி.ஜி.ஏ. அவருக்கு உறுப்பினர் தகுதி கொடுத்தது 2009-இல்.