சக்கரத்தின் அருகில் பூட்டிய குதிரை

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கோடை விடுமுறையில், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வசிக்கும் என் அக்கா மகன் வீட்டில் நான்கு வாரங்கள் தங்கியிருந்தேன். விடைத்தாளைத் தவிர வேறெதையும் திருத்தி அறியாத தமிழாசிரியன் நான். பக்கத்து வீட்டுக் கார் கொட்டகையில் எழுபது வயதைக் கடந்த ஒருவர், நாள்தோறும் மாலையில் ஒரு சிறிய சிவப்பு வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அமர்ந்திருப்பார். குழந்தைகள் ஓட்டும் பொம்மை வண்டி என்றே முதலில் நினைத்தேன். "பொம்மை இல்ல மாமா, தோட்ட டிராக்டர். அவரோட அப்பா 1964ல வாங்கினது. என்னைவிட முப்பது வயசு மூத்தது" என்றான் மருமகன்.

மறுநாள் மாலை நானும் அந்தக் கொட்டகையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே கண்டதும் கேட்டதும், ஊர் திரும்பிய பின் தேடிப் படித்ததுமாகச் சேர்ந்ததே இக்கட்டுரை.

தோட்ட டிராக்டர் என்பது வயல் டிராக்டரும் அல்ல, வெறும் புல்வெட்டியும் அல்ல. இரண்டுக்கும் இடைப்பட்ட இனம். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலம் சூழ வீடு கட்டிக்கொண்ட குடும்பத்துக்காகச் செய்யப்பட்டது. அறுபதுகளில் வந்த வண்டிகள் பெரும்பாலும் 7 முதல் 14 குதிரைத்திறன் கொண்டவை. கோடையில் அடியில் வெட்டுத்தகடு மாட்டினால் புல் வெட்டும். பின்னால் கலப்பை மாட்டினால் காய்கறிப் பாத்திக்கு உழும். குளிர்காலத்தில் முன்னால் தகடு பொருத்தினால் வாசலில் குவிந்த பனியைத் தள்ளும். நம் வீடுகளில் ஒரு மாடு செய்த வேலையை அங்கே இந்த வண்டி செய்தது எனலாம்.

இதன் வரலாறு ஒரு பழுதுபார்ப்பிலிருந்துதான் தொடங்குகிறது. மேற்கு வர்ஜீனியாவின் டன்பார் என்னும் ஊரில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கிரேவ்லி என்றொரு புகைப்படக் கலைஞர் இருந்தார். தோட்டத்தில் கையால் தள்ளும் கலப்பையோடு மல்லுக்கட்டிச் சலித்த அவர், ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பாகங்களை அந்தக் கலப்பையில் பொருத்தினார். அந்த மோட்டார் சைக்கிளின் பெயர் 'இந்தியன்' என்பதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. ஆனால் அதுவும் அமெரிக்கத் தயாரிப்புதான். 1916இல் அவருடைய மோட்டார் கலப்பைக்குக் காப்புரிமை கிடைத்தது. ஒற்றைச் சக்கரத்தில் ஓடும் அந்தக் கருவியின் பின்னால் மனிதன் நடந்து போக வேண்டும். அமர்ந்து ஓட்டும் வசதி பிறகு வந்தது.

இரண்டாம் உலகப்போர் அமெரிக்கர்களை மறுபடியும் மண்வெட்டி பிடிக்க வைத்தது. போர்க்கால உணவுப் பங்கீட்டை ஈடுகட்ட வீட்டுத் தோட்டம் போடுமாறு அரசு வேண்டிக்கொண்டது. அந்த 'வெற்றித் தோட்டங்கள்' ஏறத்தாழ 2 கோடி இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. போர் முடிந்ததும் வீரர்கள் திரும்பி வந்தார்கள். 1944இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்களுக்கு வீட்டுக் கடனை எளிதாக்கியது. நகரங்களின் விளிம்பில் புறநகர்கள் முளைத்தன. 1947இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் தொடங்கிய லெவிட்டவுன், சில ஆண்டுகளில் 17,000க்கும் மேற்பட்ட வீடுகளாகப் பெருகியது. பருவகாலத்தில் வாரம் ஒருமுறையேனும் புல் வெட்டியாக வேண்டும் என்ற நிபந்தனை அங்கே வீட்டுப் பத்திரத்திலேயே இருந்தது. லெவிட்டவுனின் சிறு மனைகளுக்குக் கையால் தள்ளும் கருவி போதும். அதற்கும் அப்பால், இன்னும் பெரிய மனை வாங்கிக் குடியேறியவர்களுக்குத்தான் டிராக்டர் தேவைப்பட்டது.

அந்தத் தேவையை முன்கூட்டியே உணர்ந்தவர்களில் ஒருவர் எல்மர் பாண்ட். 1946இல் இந்தியானாவின் சவுத் பெண்ட் நகரில், தன் வீட்டுக் கார் கொட்டகையில் தோட்ட டிராக்டர் செய்யத் தொடங்கினார். மகன் சிசில் அதைத் தொழிலாக வளர்த்தார். பாண்ட் என்ற பெயரில் உறவினர் ஒருவர் முன்பே டிராக்டர் விற்றுவந்ததால் வேறு பெயர் தேட வேண்டியிருந்தது. அப்படிக் கிடைத்ததுதான் 'வீல் ஹார்ஸ்'. பல குதிரைகளைப் பூட்டிய வண்டியில் சக்கரத்தின் அருகில் பூட்டப்படும் குதிரை என்று பொருள். முன்னால் போகும் குதிரைக்கு அழகும் பெயரும். பாரத்தின் பெரும்பகுதி இந்தக் குதிரையின் தோளில். ஆரவாரமில்லாமல் உழைக்கும் மனிதனையும் அவர்கள் இச்சொல்லால் குறிப்பதுண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பிரித்துப் போட்டிருந்தது வீல் ஹார்ஸ் 854 என்னும் வகை, 8 குதிரைத்திறன்.

அறுபதுகளில் பெரிய நிறுவனங்களும் இச்சந்தையில் இறங்கின. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961இல் 'கப் கேடட்' வண்டியைக் கொண்டுவந்தது. தனது சிறிய வயல் டிராக்டரான ஃபார்மால் கப்பின் கியர் அமைப்பை அது இதற்குப் பயன்படுத்தியது. அந்த முதல் வகை மட்டுமே 1963 வரை ஏறத்தாழ 65,000 விற்றது. 1963இல் ஜான் டியர் தனது '110' வகையோடு வந்தது. 1969இல் அதே நிறுவனம், பச்சை நிறமே தன் அடையாளமாக இருந்தபோதும், வெள்ளை வண்டிக்குச் சிவப்பு, ஆரஞ்சு, நீலம், மஞ்சள் மூடிகளை வாடிக்கையாளர் தேர்ந்துகொள்ளலாம் என்று அறிவித்தது. இரண்டு ஆண்டுகளில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அன்று அதிகம் விரும்பப்படாத அந்த வண்ண வண்டிகளைத்தான் இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள்.

நிறுவனங்கள் வேறு வேறானாலும், மூடியைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே பெயர் தெரியும்: கோலர். நம் ஊர்க் குளியலறைச் சாதனங்களில் காணும் அதே கோலர்தான். 1873இல் விஸ்கான்சினில் வார்ப்பிரும்புக் கலப்பைகளோடு தொடங்கிய அந்நிறுவனம், 1883இல் கால்நடைகளுக்கான ஒரு தொட்டிக்குப் பீங்கான் பூச்சிட்டு, நான்கு கால் வைத்து, குளியல் தொட்டி என்று விற்றது. பின்னாளில் எஞ்சின் செய்தபோதும் அதே வார்ப்பிரும்பைத்தான் நம்பியது. கே வரிசை எனப்பட்ட அந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சின், கப் கேடட்டிலும் ஜான் டியரிலும் வீல் ஹார்ஸிலும் ஓடியது. ஒன்றுக்கொன்று போட்டியிட்ட மூன்று வண்டிகளுக்கு ஒரே இதயம்.

இந்த வண்டிகள் அறுபது ஆண்டுகள் கடந்தும் உயிரோடிருக்க இதுவே முதற்காரணம். ஒரு வண்டி அழிந்தால் அதன் பாகம் இன்னொன்றுக்கு உதவும். சிலிண்டர் தேய்ந்தால் எறிய வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு தடிமனானது; லேத் பட்டறையில் கொடுத்து அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று அகலப்படுத்தி, அதே அளவு பெரிதான பிஸ்டனைப் பொருத்திக்கொள்ளலாம். இந்தத் தேய்மானத்தை எதிர்பார்த்து அந்த அளவுகளில் பிஸ்டன்களை நிறுவனமே விற்றது. பொருள் தேயும் என்பதை ஒப்புக்கொண்டு, தேய்ந்த பின் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே யோசித்துச் செய்யப்பட்ட இயந்திரம் அது.

ஆனால் செய்தவர்கள் நிலைக்கவில்லை. வீல் ஹார்ஸை 1974இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் வாங்கியது. 1986இல் டோரோவிடம் போனது. 2007இல் அப்பெயரே கைவிடப்பட்டது. கிரேவ்லியை 1960இல் வாங்கிய ஸ்டுடிபேக்கர், 1963 டிசம்பரில் சவுத் பெண்டில் கார் தயாரிப்பையே நிறுத்தியது. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1981இல் கப் கேடட்டை விற்றது. சில ஆண்டுகளில் தன் வேளாண் பிரிவையும் விற்றது. தொழிற்சாலைகள் போயின, வண்டிகள் கொட்டகைகளில் எஞ்சின.

அவற்றை மீட்பது எப்படி என்பதைத்தான் நான்கு வாரங்கள் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் சுழல்கிறதா என்பதை. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் பிஸ்டன் துருவேறி சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அடித்தால் உடைந்துவிடும். பிறகு எஞ்சினைச் சுற்றியுள்ள தகட்டைக் கழற்றினால், காற்று போக வேண்டிய துடுப்புகளின் இடையில் எலிக்கூடு இருக்கும். அதை அகற்றாமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறிக் கெடும். கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருக்கும். மின்பொறிக்கான பாயிண்ட்டுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இடைவெளியை அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்காக வைக்க வேண்டும். துருவேறிய பாகங்களைச் சலவைச் சோடா கரைத்த நீரில் மூழ்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பாகத்திலும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டிலும் இணைப்பார். துரு இளகி வரும். ஹைட்ரஜன் வெளிப்படும் என்பதால் இதைத் திறந்தவெளியில்தான் செய்வார்.

இவையெல்லாம் திறமை சார்ந்தவை. இதற்குப் பிறகு வருவதுதான் கடினமான கேள்வி: வண்ணம் பூசலாமா, கூடாதா?

மீட்பவர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. அவர்கள் பழைய பூச்சை முழுவதும் நீக்கி, அசல் நிறத்தைத் தேடிப் பிடித்துப் பூசி, புதிதாக அச்சிட்ட பெயர்ச் சின்னங்களை ஒட்டுவார்கள். ஓடினால் போதும், வெயிலில் வெளிறிய பூச்சும் உரசல்களும் அப்படியே இருக்கட்டும், அவையும் வண்டியின் வரலாறுதான் என்பது மற்றக் கட்சி. எனக்கு இது மிகவும் பழகிய விவாதமாகத் தோன்றியது. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் முன்னாலும் இதே கேள்விதான். பிழை என்று தோன்றியதைத் திருத்தி மூலத்தை எட்ட முயல்வதா? இல்லை, கைமாறிக் கைமாறி வந்தபோது ஏறிய பாடபேதங்களையும் காத்து வைப்பதா? திருத்தியது தவறென்று பின்னால் தெரிந்தால், முன்பு இருந்ததை எங்கே தேடுவது? நல்ல பதிப்பாசிரியன் தான் மாற்றியதைக் குறித்து வைக்கிறான். வண்ணம் பூசுபவருக்கு அடிக்குறிப்பு எழுத இடமில்லை.

இந்தப் பொழுதுபோக்கை, வசதியுள்ள முதியவர்களின் பழமை ஏக்கம் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. பழையவை எல்லாம் நல்லவை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வண்டிகள் புகை கக்கின. இன்றைய பாதுகாப்பு ஏற்பாடுகள் பல அவற்றில் இல்லை. ஆயினும் பெரிய வயல் டிராக்டர்களைச் சுற்றி இன்று நடக்கும் வழக்கை அறிந்தவர்கள் இதை வேறு கண்ணால் பார்ப்பார்கள். 2015இல் ஜான் டியர் நிறுவனம் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு எழுதியபோது, டிராக்டரை வாங்கியவருக்கு அதிலுள்ள மென்பொருளைப் பொறுத்தவரை இருப்பது பயன்படுத்தும் உரிமம்தான் என்று வாதிட்டது. விவசாயி தன் வண்டியைத் தானே பழுதுபார்க்கும் உரிமைக்காகப் போராட வேண்டியதாயிற்று. 2023இல் கொலராடோ மாநிலம் அந்த உரிமையைச் சட்டமாக்கியது. 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பழுதுபார்ப்புக் கட்டுப்பாடுகளுக்காக அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்பேனரும் பொறுமையும் போதுமாக இருந்த வேலைக்கு இப்போது நீதிமன்றம் போக வேண்டியிருக்கிறது. பணம் கொடுத்ததும் ஒரு பொருள் நமக்குச் சொந்தமாகிவிடுகிறதா, அல்லது அதைத் திறந்து சரிசெய்ய முடிகிற வரைக்கும்தான் சொந்தமா? அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்த நாட்களில் என்னைத் தொடர்ந்த கேள்வி இதுதான்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாட்களுக்கு முன் எஞ்சின் ஓடியது. மூன்று முறை இருமியது, நீலப்புகை விட்டது, பிறகு சீராகத் துடித்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கேட்டபடி நின்றார்.

வண்ணம் பூசும் வேலை மட்டும் மீதமிருந்தது. சிவப்பு வண்ணம் வாங்கித் தயாராக வைத்திருந்தார். கழற்றிச் சுவரில் சாத்தியிருந்த எஞ்சின் மூடியைத் திருப்பி எனக்குக் காட்டினார். அதன் உட்புறத்தில் பென்சிலால் தேதிகள் எழுதியிருந்தன. ஒவ்வொரு முறை எண்ணெய் மாற்றியபோதும் அவருடைய தந்தை குறித்து வைத்தவை. கடைசிச் சில வரிகளில் எழுத்து நடுங்கியிருந்தது. வெளிப்புறத்துக்கு மட்டும் வண்ணம் பூசப் போவதாகச் சொன்னார். உட்புறம் அப்படியே இருக்கும். அந்தப் பட்டியலின் கீழே, அன்றைய தேதியைப் பென்சிலால் எழுதினார்.