மீண்டெழுந்த ரௌட்டரும் காலவிளம்பமும்

ஒரு ரௌட்டர் செயலிழந்தால் அதன் போக்குவரத்தை மாற்று வழிக்கு எவ்வளவு சீக்கிரம் திருப்பலாம் என்பதில் வலைப்பின்னல் சாஸ்திரம் மிகுந்த சிரத்தை காட்டியிருக்கிறது. அதே ரௌட்டர் உயிர்பெற்று எழுந்தபின் போக்குவரத்தை எப்பொழுது அதனிடம் ஒப்படைப்பது என்னும் கேள்வியோ, விபத்து நீங்கிய நிம்மதியில் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. முன்னதற்கு உரிய அவசரம் பின்னதற்கு இல்லை என்பதும், பின்னதைத் தாமதப்படுத்தக் கடிகாரம் ஒன்றே போதிய பிரமாணம் ஆகாது என்பதும் என் அபிப்பிராயம்.

பெரிய வலைப்பின்னல்கள் பலவற்றில் உள்வழிகளை ஓ.எஸ்.பி.எஃப். அறிவிக்க, வெளியுலக முகவரிகளை பி.ஜி.பி. கொண்டுவருகிறது. மறுபடி தொடங்கிய ரௌட்டர் அண்டை ரௌட்டர்களோடு ஓ.எஸ்.பி.எஃப். உறவைச் சொற்ப நேரத்தில் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் இன்று 9 லட்சத்துக்கும் மேற்பட்டனவாக இருக்கும் பி.ஜி.பி. வழிகளைப் பெற்று, தேர்ந்து, வன்பொருள் அட்டவணையில் எழுதி முடிக்கப் பல நிமிஷங்கள் ஆகலாம். இந்த இடைவெளியில், குறுக்கு வழி திறந்துவிட்டது என்று நம்பி அண்டை ரௌட்டர்கள் அனுப்பும் பாக்கெட்டுகளை, அவை போகவேண்டிய திசையே அறியாத ரௌட்டர் கீழே போட்டுவிடுகிறது. பழுது இருந்தவரை மாற்று வழியில் பத்திரமாகச் சென்றவை, பழுது நீங்கிய காரணத்தாலேயே அழிகின்றன என்பதுதான் இதிலுள்ள விபரீதம்.

இதற்குப் பரிகாரமாக 2001-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3137 என்னும் ஆவணம், பின்னர் 2013-இல் அதன் இடத்தைப் பெற்ற ஆர்.எஃப்.சி. 6987 ஆகியவை கூறும் உபாயம், ரௌட்டர் தன் இணைப்புகளின் விலையை உச்ச அளவான 65535 என்று அறிவிப்பதாகும். அதன் சொந்த முகவரியை மற்றவர்கள் அடையலாம், பி.ஜி.பி. உறவுகள் அதனால் உருவாகும். வேறு வழி உள்ள வரையில் கடந்துசெல்லும் போக்குவரத்து மட்டும் அதனிடம் வராது. ‘வீட்டில்தான் இருக்கிறேன், அடுப்பு இன்னும் மூட்டவில்லை’ என்று விருந்தினருக்குச் சொல்லியனுப்புவது போன்றது இது.

எத்தனை நேரம் அப்படிச் சொல்வது? 300 விநாடி என்று விதித்துவிட்டால், 2 நிமிஷத்தில் ஆயத்தமாகும் நாளில் 3 நிமிஷம் வீணாகும். 7 நிமிஷம் பிடிக்கும் நாளில் 2 நிமிஷப் போக்குவரத்து நாசமாகும். விநாடிக் கணக்கு அனுமானம். வழிகள் வந்து சேர்ந்தன என்ற செய்தியே பிரத்தியட்சம். சிஸ்கோ ரௌட்டர்களில் பி.ஜி.பி. நிலைபெறும் வரை காத்திருக்கவும், அது நிலைபெறாவிட்டால் இயல்பாக 600 விநாடியில் காத்திருப்பை முடிக்கவும் உள்ள ஏற்பாடு இந்தக் காரணத்தால் நியாயமானது. வராத அண்டையாருக்காக முடிவின்றிக் காத்திராதபடி தடுப்பதே அங்கே கடிகாரத்தின் வேலை. அந்தப் பிரத்தியட்சமும் பூரணமானதன்று: பி.ஜி.பி. நிலைபெற்றது என்று மென்பொருள் சொல்லும் கணத்தில் வன்பொருள் அட்டவணை இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கக்கூடும்.

ஓ.எஸ்.பி.எஃப்.-ஐப் போலவே உள்வழிகளை அறிவிக்கும் ஐ.எஸ்.-ஐ.எஸ். நெறிமுறையின் ‘ஓவர்லோட்’ அடையாளம் இதைவிடக் கண்டிப்பானது: வேறு வழியே இல்லாவிடினும் அந்த ரௌட்டரைக் கடந்து எதுவும் செல்லாது. அரைகுறை ஞானமுள்ள வழிகாட்டியாயினும் கடைசிப் புகலாக அவன் இருக்கட்டும் என்னும் ஓ.எஸ்.பி.எஃப். முறையையே நான் விரும்புவேன்.

திரும்ப ஒப்படைக்கும் கேள்வி வேறோரிடத்திலும் எழுகிறது: பொது முகவரி ஒன்றை ஒரு ரௌட்டர் பதவியாக ஏற்று நடத்த, அது வீழ்ந்தால் மற்றொன்று அப்பதவியை ஏற்கும் வி.ஆர்.ஆர்.பி. நெறிமுறையில். அங்கே சமபலமுள்ள இரு ரௌட்டர்கள் இருக்கையில், பழையவரிடம் பதவியைத் திருப்பிக் கொடுப்பதே அனாவசியமான இரண்டாவது மாற்றம். பதவி பறித்தலை நிறுத்திவைத்தால் கால அளவு பற்றிய விசாரமே எழாது. அந்த முகவரிக்கே சொந்தக்காரராகிய, 255 என்னும் முன்னுரிமை பெற்ற ரௌட்டர் மட்டும், நிறுத்தம் எதையும் பொருட்படுத்தாமல் வந்து அமர்ந்துவிடும்.