தகரப்பேணி அளித்த சான்று

1868ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிற் கூடிய அரசுகள் ஓர் உடன்பாட்டிற் கைச்சாத்திட்டன. 400 கிராமிற் குறைந்த நிறையுடைய வெடிக்குஞ் சன்னங்களைப் போரிற் பயன்படுத்தலாகாது என்பதே அவ்வுடன்பாடு. ஈராண்டு கழியுமுன்னரே, 1870இல், பிரான்சுக்கும் பிரசியாவுக்குமிடையே போர் மூண்டது.

பிரெஞ்சு வீரர் ஏந்திய சஸ்போ துப்பாக்கியின் குழல் 11 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதன் சன்னம் மென்மையான ஈயத்தாலானது. அண்மையிலிருந்து சுடப்பட்டோரின் காயங்களைக் கண்ட வைத்தியர்கள் திகைத்தனர். சன்னம் புகுந்த துளை சிறிது. வெளியேறிய வாயோ பெரிதுஞ் சிதைந்திருந்தது. மண்டையோடுகள் பிளந்து கிடந்தன. எதிரி உடன்பாட்டை மீறி வெடிக்குஞ் சன்னத்தை எய்கின்றான் என இரு தரப்பாரும் ஒருவரையொருவர் பழித்தனர்.

இப்பழி மெய்யோ பொய்யோ என்பதைச் சொற்போரினால் தீர்த்தல் இயலாது. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிற் சத்திரசிகிச்சைப் பேராசிரியராயிருந்த தியோடோர் கொக்கர் பரிசோதனையை நாடினார். பின்னர் 1909இல் நோபல் பரிசு பெற்றவர் இவரே. மோதும்போது எழும் வெப்பத்தால் ஈயம் உருகிச் சிதறுகின்றது என்று அக்காலத்திற் சிலர் கருதினர். கொக்கரோ வெறுமையான தகரப்பேணியையும் நீர் நிறைந்த தகரப்பேணியையும் இலக்காக வைத்துச் சுட்டார். வெறும் பேணியில் இரு துளைகளே விழுந்தன. நீர் நிறைந்த பேணி வெடித்துப் பிளந்தது.

சன்னத்தில் வெடிமருந்து யாதும் இல்லை. நீர் எளிதிற் சுருங்காதது. ஆதலின் விரைந்து புகுஞ் சன்னம் அதனை எத்திசையிலுந் தள்ளுகின்றது. மூளை நிறைந்த மண்டையோடும் அத்தகைய கலமே. வேகம் கூடுந்தோறும் இவ்விளைவு கூடும். மென்மையான ஈயம் தட்டையாகி முகம் விரியுமாயின் மேலும் பெருகும். ஆகவே வெடிப்புப் போன்ற காயம் வெடிக்குஞ் சன்னத்துக்குச் சான்றாகாது.

இவ்வுண்மையை அறிந்தவர் அதனோடு அமையவில்லை. 1894இல் உரோமாபுரியிற் கூடிய மருத்துவ மாநாட்டில், மனிதாபிமான நோக்கிற் சன்னங்களைத் திருத்தவேண்டும் என்று கொக்கர் பேசினார். சிறிய விட்டமும் உருக்குலையாத உறுதியும் உடைய சன்னம் வீரனை வீழ்த்தினும் வீணே சிதைக்காது என்பது அவர் கருத்து. படைகள் அதற்கு முன்னரே 8 மில்லிமீற்றர் அளவிலான உறையிட்ட சன்னங்களுக்கு மாறத் தொடங்கியிருந்தன.

ஆயின், கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் பிரித்தானியர் சன்னத்தின் நுனியை உறையின்றி விட்டு, அது உடலில் விரியுமாறு செய்தனர். யேர்மனியின் தியூபிங்கன் நகரில் பேராசிரியர் புரூன்ஸ் நடத்திய பரிசோதனைகள் விரியுஞ் சன்னத்தின் கொடுமையை எடுத்துக்காட்டின. 1899இல் ஹேக் மாநாட்டிற் பிரித்தானியர் மறுத்துரைத்தனர்: புரூன்ஸ் சுட்டவை வேட்டைச் சன்னங்கள், டம்டம் சன்னத்திலும் பார்க்க அவற்றில் ஈயம் மிகுதியும் வெளிப்பட்டிருந்தது என்றனர். பொருள் வேறு என்பது உண்மையே. எனினும் விரியுஞ் சன்னத்தை மாநாடு தடைசெய்தது. பிரித்தானியாவும் 1907இல் அதனை ஏற்றுக்கொண்டது.

கொக்கரின் பேணி வீண்பழியை நீக்கியது. புரூன்சின் பரிசோதனையோ, எதைச் சோதித்தோம் என்பதிலே சிறிது பிசகினும் எதிரி தப்புதற்கு வழி பிறக்கும் என்பதைக் காட்டியது. குற்றஞ்சாட்டுவோன் கையிலுள்ள சான்று குற்றத்துக்குரிய பொருளையே சுட்டுதல் வேண்டும்.