பள்ளி முடிந்த பின் பகுதிநேர வேலை: 14 முதல் 18 வயது வரையிலானோர் எத்தனை மணி நேரம் பணியாற்றலாம்?

பள்ளி முடிந்ததும் பேக்கரி, துணிக்கடை, உணவகம், காய்கறிக் கடை ஆகியவற்றில் சில மணி நேரம் வேலை பார்த்துக் குடும்பச் செலவுக்கு உதவும் மாணவர்கள் பலர். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், பொள்ளாச்சி சாலையில் அமைந்துள்ள மீனாட்சிபுரம் போன்ற எல்லை ஊர்களில், வீடு ஒரு மாநிலத்திலும் வேலை மற்றொரு மாநிலத்திலுமாக இருப்பதும் உண்டு. 14 வயது நிறைந்தவர் வேலைக்குச் செல்வதைச் சட்டம் முற்றிலும் தடுக்கவில்லை. ஆனால், எந்த வேலை, எத்தனை மணி நேரம், எந்த நேரம் வரை என்பதற்குத் தெளிவான வரம்புகளை விதித்துள்ளது.

யார் குழந்தை, யார் வளரிளம் பருவத்தினர்?

1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டு, குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் (தடை மற்றும் முறைப்படுத்துதல்) சட்டம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. திருத்தம் 2016 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி 14 வயது நிறையாதவர் குழந்தை. 14 வயது நிறைந்து 18 வயது நிறையாதவர் வளரிளம் பருவத்தினர்.

குழந்தைகளை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில், அது அபாயமற்றதாக இருந்தால் மட்டும், உதவலாம். குடும்பம் என்பதில் பெற்றோர், உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோர் அடங்குவர். சித்தப்பா, அத்தை, தாய்மாமன் ஆகியோரின் கடைகளும் இவ்விலக்கில் வரும். பக்கத்து வீட்டுக்காரரின் கடை வராது. 2017-ஆம் ஆண்டின் விதிகள், இந்த உதவியும் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது என்கின்றன.

வளரிளம் பருவத்தினர் சுரங்கம், வெடிபொருள் மற்றும் எளிதில் தீப்பற்றும் பொருள்கள், அபாயகரமான தொழில்முறைகள் ஆகியவற்றில் பணியாற்ற முடியாது. பிற வேலைகளுக்குச் செல்லலாம்; அங்கேதான் நேர வரம்பு தொடங்குகிறது.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம்?

சட்டத்தின் 7 மற்றும் 8-ஆம் பிரிவுகள் வகுத்துள்ள முக்கிய வரம்புகள்:

• தொடர்ச்சியாக 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அதன் பின் குறைந்தது 1 மணி நேர ஓய்வு தர வேண்டும்.

• ஓய்வையும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு நாளின் பணிக்காலம் 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஓய்வைக் கழித்தால், உண்மையான வேலை அதிகபட்சம் 5 மணி நேரமே.

• இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை கூடாது.

• கூடுதல் நேரப் பணி கூடாது. கூடுதல் ஊதியம் கொடுத்தாலும், மாணவரே விரும்பினாலும் இதற்கு விலக்கில்லை.

• ஒரே நாளில் இரண்டு நிறுவனங்களில் வேலை செய்யக் கூடாது.

• வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை தர வேண்டும்.

கடை, பட்டறை, உணவகம், தங்கும் விடுதி, திரையரங்கம் ஆகியவற்றுடன் பண்ணையும் சட்டத்தில் 'நிறுவனம்' என்ற சொல்லுக்குள் அடங்குகிறது. ஆகவே, தென்னந்தோப்பு வேலையும் காய்கறிப் பண்ணை வேலையும் இவ்வரம்புக்கு உட்பட்டவையே. உரிமையாளர் தம் குடும்பத்தினரின் உதவியுடன் தொழில் நடத்தும் இடங்களுக்கு இந்த நேர விதிகள் பொருந்தாது.

பள்ளி நாளில் என்ன கணக்கு?

பள்ளி நாளுக்கும் விடுமுறை நாளுக்கும் இச்சட்டம் தனித்தனி வரம்பு விதிக்கவில்லை. ஆனால், இரவு 7 மணித் தடை பள்ளி நாளில் தானாகவே ஒரு வரம்பாகிறது. மாலை 4 மணிக்குப் பள்ளி முடிந்தால், மாணவருக்குச் சட்டப்படி எஞ்சுவது 3 மணி நேரம் மட்டுமே. பயண நேரத்தைக் கழித்தால் அதுவும் குறையும். உணவகங்களிலும் துணிக்கடைகளிலும் கூட்டம் சேர்வதோ பெரும்பாலும் இரவு 7 மணிக்குப் பின்னர்தான். திருமண மண்டபங்களில் இரவு உணவு பரிமாறும் வேலை அநேகமாக முழுவதும் தடை நேரத்துக்குள்ளேயே வரும். மாணவர்களுக்கு எளிதில் கிடைக்கும் பகுதிநேர வேலைகள் சட்டத்தை மீறும் நிலைக்கு விரைவில் சென்றுவிடுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பிற நாடுகள் சில, பள்ளி நாளையே அளவுகோலாகக் கொண்டுள்ளன. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி 14, 15 வயதினர் பள்ளி நாளில் 3 மணி நேரமும், பள்ளி நடைபெறும் வாரத்தில் 18 மணி நேரமும் மட்டுமே பணியாற்றலாம். இங்கிலாந்தில் கட்டாயப் பள்ளி வயதினருக்குப் பள்ளி நாளில் 2 மணி நேரம், பள்ளிப் பருவத்தில் வாரத்துக்கு 12 மணி நேரம் என்பது வரம்பு. இலங்கை 2021-இல் வேலைக்கான குறைந்தபட்ச வயதையே 14-இலிருந்து 16 ஆக உயர்த்தியது.

வேலையையும் கல்வியையும் இணைத்துப் பார்க்கும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதன்று. சிவகாசி பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகள் ஈடுபடுத்தப்பட்டது குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. அபாயமற்ற வேலைகளில் இருக்கும் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 4 முதல் 6 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. தினமும் குறைந்தது 2 மணி நேரம் கல்வி வேண்டும். அதன் முழுச் செலவையும் வேலை தருபவரே ஏற்க வேண்டும் என்று அத்தீர்ப்பு கூறியது.

எல்லை தாண்டினால் சட்டம் மாறுமா?

மாறாது. இது மத்திய சட்டம் என்பதால் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் ஒன்றுபோலவே பொருந்தும். மாணவரின் வீடு எங்கே என்பதைவிட, வேலை நடைபெறும் இடமே முக்கியம். மீனாட்சிபுரத்தில் உள்ள கடை கேரளத் தொழிலாளர் துறையின் வரம்பிலும், பொள்ளாச்சியில் உள்ள கடை தமிழகத் துறையின் வரம்பிலும் வரும்.

குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தேனி மாவட்டத் தொழிலாளர்கள் இடுக்கி மாவட்ட ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்புகளில் சென்று வருகின்றனர். அவர்களுடன் செல்லும் 18 வயது நிறையாதவர்களுக்கும் மேற்கண்ட வரம்புகள் உண்டு. காலை 8 மணிக்கு முன் அவர்களிடம் வேலை வாங்க முடியாது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வளரிளம் பருவத்தினருக்கு வாரம் 27 மணி நேரம் என வரம்பு விதித்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அச்சட்டம் சேர்க்கப்பட்டது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொகுப்புகளில் சேர்க்கப்படாமல் தனிச் சட்டமாகவே நீடிக்கிறது.

வேலை தருபவரின் கடமை

வளரிளம் பருவத்தினரின் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம், வேலையின் தன்மை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அவர்களைப் பணியமர்த்திய 30 நாள்களுக்குள் ஆய்வாளருக்குத் தகவல் தர வேண்டும். வாராந்திர விடுமுறை நாளை அனைவரும் காணும் இடத்தில் அறிவிப்பாக வைக்க வேண்டும். 3 மாதங்களுக்கு ஒரு முறைக்கு மேல் அதை மாற்றக் கூடாது. வயது குறித்து ஐயம் எழுந்து, உரிய சான்று இல்லாத நிலையில், மருத்துவ அதிகாரியின் சான்றே முடிவானது.

தண்டனை என்ன?

குழந்தைகளை வேலைக்கு அமர்த்தினாலோ, வளரிளம் பருவத்தினரை அபாயகரமான தொழிலில் ஈடுபடுத்தினாலோ, 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இவை காவல்துறை நேரடியாக வழக்குப் பதிவு செய்யக்கூடிய குற்றங்கள்.

நேர வரம்பை மீறினால் தண்டனை இவ்வளவு கடுமையன்று: ஒரு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுப்பதற்கான சிறப்புப் பிரிவும் இதற்குப் பொருந்தாது. எனவே, நேர வரம்பு நடைமுறையில் காக்கப்படுவது ஆய்வாளரின் சோதனையையும், முறையாக அளிக்கப்படும் புகாரையுமே பெரிதும் சார்ந்துள்ளது.

18 வயது நிறையாதவரைக் கொத்தடிமையாக வைத்தாலோ, அவரது சம்பாத்தியத்தைப் பிடித்து வைத்தாலோ, 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி 5 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு.

எங்கே புகார் அளிப்பது?

குழந்தைகள் உதவி எண் 1098-ஐ இரு மாநிலங்களிலும் கட்டணமின்றி அழைக்கலாம். மத்திய அரசின் 'பென்சில்' இணையதளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். தொழிலாளர் துறை அலுவலகத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ எழுத்து மூலம் மனு அளிக்கலாம். பாதிக்கப்பட்டவர்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. எவர் வேண்டுமானாலும் நீதிமன்றத்தில் புகார் அளிக்கச் சட்டம் இடம் தருகிறது.

மத்தியிலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறை தீர்க்கும் மனு அளிக்க அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு உரிமை அளிக்கிறது. ஆதலால், கேரள எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தங்கள் மனுவைத் தமிழிலேயே எழுதித் தரலாம். மனுவில் கடையின் பெயர், இடம், வேலை தொடங்கும் நேரம், முடியும் நேரம், மாணவரின் வயது ஆகியவற்றைக் குறிப்பிடுவது ஆய்வுக்கு உதவும்.