கூப்பிட்ட பெயரும் ஏட்டில் ஏறிய பெயரும்: தோட்ட அலுவலகத்திலிருந்து வணிக மென்பொருளின் ஓட்டைகளைப் பார்த்தல்

1. பொருளும் எல்லையும்

மலேசியாவின் கேமரன் மலைத் தோட்டங்களில் ஒருவர் வேலைக்கு வந்தார் என்பதற்கு நெடுங்காலம் செக்ரோல் புத்தகமே சாட்சி. விடியலில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள், கிராணி (எழுத்தர்) குறித்துக்கொள்வார், நிறுத்த கொழுந்தின் எடையும் பின்னர் அவர் கணக்கில் ஏறும். அந்த வேலை இன்று பெருமளவு மென்பொருளுக்கு மாறிவிட்டது. லெம்பா பெர்த்தாம் போன்ற வட்டாரத்தில் ஒரு சம்பள மென்பொருள் தாங்க வேண்டியவை பெயரும் எடையும் மட்டுமா? வங்கிக் கணக்கு, இ.பி.எஃப். (சேமநிதி) எண், சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) எண், வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்களின் கடப்பிதழ் எண் எல்லாம் அதில் சேர வேண்டும். 2025 அக்டோபர் சம்பளம் முதல் அயல்நாட்டுத் தொழிலாளருக்கும் இ.பி.எஃப். கட்டாயமாகிவிட்டதால் அந்தப் பதிவு இன்னும் கனத்துவிட்டது.

இவ்வகை மென்பொருளில் ஓட்டை எங்கே விழுகிறது, விழுந்தது தெரிந்த பிறகும் ஏன் அடைபடுவதில்லை என்பவையே இக்கட்டுரையின் இரண்டு கேள்விகள். முதன்மைச் சான்றாகத் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். அதன் குறை எப்படி வேலை செய்தது, யாரைப் பாதித்தது என்பதெல்லாம் நாள்வாரியாகப் பொதுவெளியில் பதிவாகியிருக்கிறது.

2. கேட்பவர் ஒருவர், செய்பவர் ஒருவர்

செக்ரோல் மோசடி தோட்டத்துக்குப் புதிதல்ல. களத்தில் கூப்பிட்ட பெயர்களும் அலுவலக ஏட்டில் ஏறிய பெயர்களும் ஒத்துப்போகாவிட்டால், வராத ஆளுக்கும் சம்பளம் போகும். மென்பொருளின் அமைப்பும் இதுதான். வெளியிலிருந்து வரும் கோரிக்கையை ஒரு வடிகட்டி நிறுத்தி, “யார் நீ?” என்று கேட்கிறது, கேட்ட வேலையை முடித்துத் தருவது வேறொரு பகுதி. இரண்டும் ஒரே கோரிக்கையை ஒரே மாதிரி படிக்காவிட்டால் நடுவில் ஆள் நுழைய இடமுண்டு.

சில நேரம் கேட்க ஆளே இருப்பதில்லை. 2020 ஜூலையில் வணிக மென்பொருள் நிறுவனமான எஸ்ஏபி சரிசெய்த ‘ரெகான்’ குறை அப்படிப்பட்டது. அமைப்புகளைச் சீர்செய்யும் ஒரு பகுதி, பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் புதிய நிர்வாகிக் கணக்கைத் திறந்து கொடுத்தது. அபாய மதிப்பெண் பத்துக்குப் பத்து. 2025 ஏப்ரலில் அதே நிறுவனத்தின் நெட்வீவர் தளத்தில், கோப்பு ஏற்றும் ஒரு பகுதி இதேபோல் காவலின்றிக் கிடந்தது தெரியவந்தது. அதற்கும் பத்துக்குப் பத்துதான்.

3. ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும்

1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009இல் ஸோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்தத் தமிழ்நாட்டு நிறுவனத்துக்கு மேனேஜ்என்ஜின் என்றொரு பிரிவு உண்டு. அலுவலகக் கணினிகளை நிர்வகிக்கும் கருவிகளை அது விற்கிறது. அவற்றில் ஒன்றான ஏடி செல்ஃப்சர்வீஸ் பிளஸ், பாஸ்வேர்டை மறந்த ஊழியர் தாமே அதை மாற்றிக்கொள்ள உதவுவது. நிறுவனத்தின் எல்லாக் கணக்குகளின் சாவியும் கைபடும் தூரத்தில் இருக்கும் இடம் அது.

மென்பொருள் குறைகளின் பொதுப் பட்டியலில் சி.வி.இ. 2021-40539 என்று எண்ணிடப்பட்ட குறை அங்கேதான் இருந்தது. ‘ரெஸ்ட் ஏபிஐ’ என்ற பாதைக்கு வரும் கோரிக்கைகளைச் சோதிப்பது வடிகட்டியின் பொறுப்பு. முகவரியை அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டது. தாக்கியவர்கள் பாதைக்கு முன்னால் ஒரு புள்ளியையும் ஒரு சாய்கோட்டையும் சேர்த்தார்கள். கணினி மரபில் ஒற்றைப் புள்ளி ‘இருக்கும் இடத்தையே’ குறிக்கும். போய்ச் சேரும் இடம் மாறாது. வடிகட்டிக்கு அது தன் பட்டியலில் இல்லாத முகவரி, ஆகவே கேட்காமல் விட்டது. உள்ளிருந்த செர்வரோ புள்ளியைக் கழித்துவிட்டு அசல் பாதையாகவே படித்தது. பிறகு ஸ்மார்ட்கார்டு சான்றிதழ் ஏற்றும் வசதி வழியே ஒரு கோப்பை ஏற்றினார்கள். சாவி உருவாக்கும் ஜாவா கருவியின் கட்டளையில் கூடுதலாகச் சில சொற்களைச் செருகி அதை ஓட வைத்தார்கள். எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

(‘நம்ம ஊர் மென்பொருள்’ என்று மார்தட்டுபவர்கள் இந்தப் பக்கத்தையும் படிக்க வேண்டும். ஏளனம் செய்பவர்களுக்கு எஸ்ஏபியின் வரலாறு இருக்கிறது.)

4. இரவல் உறுப்பு

2022இன் இறுதியில் மேனேஜ்என்ஜினின் இருபதுக்கும் மேற்பட்ட மென்பொருள்களில் ஒரே நேரத்தில் திருத்தம் வர வேண்டியதாயிற்று. கையொப்பம் சரிபார்க்க அவை பயன்படுத்திய அப்பாச்சி சான்டுவாரியோ என்ற திறந்தமூல நிரல்தொகுதி மிகப் பழைய பதிப்பு. சொந்தமாக எழுதாத வரிக்கும் விற்றவரே பொறுப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

5. அறுபத்து நான்கு நாள்

2021 செப்டம்பர் 6 அன்று ஸோஹோ திருத்தத்தை வெளியிட்டது. 16ஆம் தேதி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யும் சைபர் பாதுகாப்பு முகமையான சிசாவும் கடலோரக் காவல்படையின் சைபர் பிரிவும் கூட்டாக எச்சரித்தன. நவம்பர் 9 அன்று, அந்தத் திருத்தத்தைப் போடாத செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழுவுக்குள் ஹேக்கர்கள் நுழைந்தார்கள். திருத்தம் வெளிவந்து 64 நாள் ஆகியிருந்தது. குழு கண்டுபிடித்தது 2022 ஜனவரி 18. அதுவரை 70 நாள் அவர்கள் உள்ளே இருந்தார்கள். போரிலும் பேரிடரிலும் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல்போனவர்கள், காவலில் இருப்பவர்கள் என 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அங்கே இருந்தன. திருத்தத்தை உரிய நேரத்தில் போடத் தவறியதைக் குழு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. இதே நிலையில் பல நிறுவனங்கள் வாய் திறப்பதில்லை.

எதிர்த் தரப்பின் வேகம் வேறு. 2020 மார்ச் 5 அன்று மேனேஜ்என்ஜினின் டெஸ்க்டாப் சென்ட்ரல் குறையை ஓர் ஆய்வாளர் பகிரங்கப்படுத்தினார்; 8ஆம் தேதியே ‘ஏபிடி41’ என்ற ஹேக்கர் கூட்டம் அதைப் பயன்படுத்தத் தொடங்கியதாக ஃபயர்ஐ நிறுவனம் பதிவு செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை அக்கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என ஐந்து சீனர்கள்மீது குற்றஞ்சாட்டியது. கணினி விளையாட்டு நிறுவனங்களில் நடந்த ஊடுருவல் தொடர்பில் இரண்டு மலேசிய வணிகர்களும் பேராக்கின் சித்தியவானில் பிடிபட்டார்கள். இதெல்லாம் எங்கோ நடப்பது என்று மலையில் இருப்பவர்கள் நினைக்க வேண்டாம்.

திருத்தம் ஏன் தாமதிக்கிறது? சோம்பல் என்று சொல்வது எளிது. மலேசியாவில் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் போக வேண்டும், இ.பி.எஃப்., சொக்சோ சந்தா 15ஆம் தேதிக்குள். மாதக் கடைசியிலிருந்து 15 வரை செர்வரை நிறுத்தச் சொன்னால் எந்தக் கிராணி ஒப்புவார்? மீதி இரண்டு வாரத்தில் வெளியூர்த் தொழில்நுட்பர் மலை ஏறி வர வேண்டும். வராவிட்டால் அடுத்த மாதம்.

6. சட்டத்தின் வீச்சு

2024 ஆகஸ்ட் 26 அன்று நடப்புக்கு வந்த சைபர் பாதுகாப்புச் சட்டம் (சட்டம் 854) நாட்டின் முக்கியத் துறைகளாகப் பதினொன்றை வகுக்கிறது. விவசாயமும் தோட்டத்துறையும் அவற்றில் ஒன்று. அதன்கீழ் அடையாளங்காணப்பட்ட நிறுவனம் தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் முதற்கட்ட விவரம் தர வேண்டும். ஆனால் ‘அடையாளங்காணப்பட்ட’ என்பதே இதன் எல்லை. பெரிய தோட்டக் குழுமங்களை மனத்தில் வைத்த ஏற்பாடு இது. சின்னத் தேயிலைத் தோட்டமும் காய்கறிப் பண்ணையும் இந்த வலையில் விழுவது அரிது. அவற்றைத் தொடுவது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்: 2025 ஜூன் 1 முதல் கடுமையான தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிப்பது கட்டாயம். இரண்டு காலக்கெடுவும் சம்பவம் நடந்த பிறகுதான் ஓடத் தொடங்குகின்றன.

முன்கூட்டிச் செய்யக்கூடியது 2021இன் எச்சரிக்கையிலேயே இருக்கிறது: பாஸ்வேர்டு மாற்றும் அந்த மென்பொருளை இணையத்திலிருந்து நேரடியாக எட்டும்படி வைக்காதீர்கள் என்று அது வற்புறுத்தியது. பெரிய செலவில்லாத வேலை. அதோடு 16ஆம் தேதிக்கும் 25ஆம் தேதிக்கும் இடையில் ஒரு நாளைத் திருத்த நாளாகக் குறித்து, மென்பொருள் விற்றவரோடு செய்யும் ஒப்பந்தத்தில் அதை எழுதி வாங்கிவிடலாம்.