மலைச் சாம்பிராணியும் மூட்டுவலியும்

விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும் நம்மவர்களின் பெட்டியில் ஊறுகாய், அப்பளத்தோடு மூட்டுவலிக்கென்று ஒரு சூரணமோ தைலமோ கட்டாயம் இருக்கும். எங்கள் சித்தூர்ப் பக்கம் "திருப்பதி மலையில் எடுத்தது" என்று சொல்லிவிட்டால் போதும், மறுபேச்சு கிடையாது. அப்படி வருவதில் ஒன்று சாம்பிராணிப் பிசின். நான் பி.காம். படித்து பாங்க்கில் குப்பை கொட்டுபவன், வைத்தியன் இல்லை. ஆனால் இந்தப் பிசினைச் சோதித்துப் பார்த்த கதை நம் வீடுகளுக்குத் தெரிய வேண்டிய கதை.

ஆயுர்வேதத்தில் சல்லகி, நம் வழக்கில் பறங்கிச்சாம்பிராணி, தாவரவியலில் பாஸ்வெல்லியா செர்ராட்டா. பட்டையைக் கீறினால் வடிவதுதான் பிசின். 1986-ல் ஜம்மு மண்டல ஆராய்ச்சிக்கூடத்தின் ஜி.பி.சிங், சி.கே.அட்டல் இருவரும், இதன் சாறு விலங்குகளில் வீக்கத்தைக் குறைக்கிறது என்று ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். ஏன் குறைக்கிறது? 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் அம்மோன் குழுவினர் ஒரு விடை சொன்னார்கள். வீக்கத்தைத் தூண்டும் லூக்கோட்ரையீன்களை உடம்பு தயாரிக்க ஒரு நொதி வேண்டும். பிசினில் உள்ள பாஸ்வெல்லிக் அமிலங்கள் அந்த நொதியைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் தடுப்பது வேறொரு நொதியை.

சரி, மனிதர்களிடம்? 2003-ல் நாக்பூரில் முழங்கால் தேய்மானம் உள்ள 30 பேரிடம் சோதித்தார்கள். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெறும் மாத்திரை. 8 வாரம் கழித்து, சிறிது இடைவெளி விட்டு, மாற்றிக் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்டபோது வலி குறைந்தது. ஆனால் எக்ஸ்ரேயில் மாற்றமில்லை! 2008-ல் வெளியான ஆந்திராவின் ஏலூர் ஆய்வில் 75 பேர், 90 நாள். அதிலும் வலி குறைந்தது. (மருந்தைத் தயாரித்த கம்பெனியின் ஆராய்ச்சியாளர்களும் அதில் உண்டு என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.) 2014-ல் காக்ரேன் அமைப்பு இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. செறிவூட்டிய சாற்றைச் சாப்பிட்டவர்களுக்கு, 100 புள்ளி அளவுகோலில் வலி சுமார் 17 புள்ளி குறைவு. சின்ன ஆய்வுகள்தான், ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது.

இதெல்லாம் தேய்மான வலிக்கு. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதம், அதாவது நாம் சரவாங்கி என்பது, வேறு நோய். 1998-ல் ஜெர்மனியில் முடக்குவாத நோயாளிகள் 37 பேருக்கு இதே பிசின் சாற்றை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் மாத்திரையைவிட ஒரு பலனும் தெரியவில்லை. எங்கள் சொந்தத்தில் ஓர் அத்தை டாக்டர் கொடுத்த மாத்திரைகளை நிறுத்திவிட்டு, யாரோ சொன்ன பிசினை நம்பி ஒன்றரை வருஷம் இருந்தார். விரல்கள் கோணிப்போயின. பிறகு மாத்திரைக்குத் திரும்பியும் நிமிரவில்லை. இன்றைக்கும் அவரால் பூ கட்ட முடியாது.

இன்னொன்று. நம் சேஷாசல மலைக்கே உரியது செர்ராட்டா அல்ல. அதன் பங்காளி மரம், தெலுங்கில் கொண்ட சாம்பிராணி. பாலகிருஷ்ணன், ஹென்றி என்ற இரு தாவரவியலாளர்கள் 1961-ல்தான் அதைத் தனி இனமாகப் பெயரிட்டார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் இந்தப் பகுதி தவிர வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. நான் மேலே சொன்ன ஆய்வுகள் எதுவும் அந்த மரத்தின் பிசினில் செய்யப்பட்டவை அல்ல. 2010-லிருந்து சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம். கண்டபடி பட்டையைக் கீறினால் மரம் பட்டுப்போகும்.

ஆகவே, ஊரில் அம்மாவுக்கோ அத்தைக்கோ வாங்கித்தரும் முன் டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: தேய்மானமா, முடக்குவாதமா? தேய்மானம் என்றால், செர்ராட்டா என்று பெயர் போட்ட சரக்கை, மற்ற மாத்திரைகளையும் அவரிடம் சொல்லிவிட்டு, மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்க்கலாம். முடக்குவாதம் என்றால் டாக்டர் கொடுத்த மருந்தை ஒருநாளும் நிறுத்த விடாதீர்கள். சாம்பிராணி வெள்ளிக்கிழமைப் புகைக்கு இருக்கட்டும்.