பாஷை தெரியாத இரண்டு பேர்

எங்கள் அவ்வாவுக்குத் தமிழ் பாதிதான் வரும். திருத்தணியில் அது அதிசயமில்லை. 1960 ஏப்ரல் 1 வரை ஊர் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைப் போராட்டம் முடிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும், எங்கள் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ் என்றுதான் ஓடியது. கிருத்திகைக்கு மலையேறும்போது, அந்த 365 படிகளில் எங்கேயாவது மூச்சு வாங்க உட்கார்ந்தால் போதும், அவ்வா ‘மந்திரி குமாரி’யை ஆரம்பித்துவிடுவாள்.

“இந்த மாதிரி ஒரு உச்சிக்குத்தான்டா பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போவான் அந்தப் பாவி. தள்ளிவிடப் போறேன்னு சொல்லுவான். அவ, ‘உங்கள மூணு சுத்து சுத்திக் கும்பிட்டுக்கறேன்’னு சொல்லி, பின்னாலிருந்து அவனையே தள்ளிடுவா!”

“வசனமெல்லாம் புரிஞ்சுதா அவ்வா?”

“எங்க புரிஞ்சுது? அவ மூஞ்சியப் பாத்தேன். போதும்.”

அந்த வசனம் படத்தை எடுத்தவருக்கே புரியாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எல்லிஸ் ஆர். டங்கன், 1909இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தவர். தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் உடன் படித்த மாணிக்லால் டாண்டன் அழைத்ததால் 1935இல் இந்தியா வந்தார். அடுத்த வருஷமே ‘சதிலீலாவதி’. எம்.ஜி.ஆர். திரையில் முதலில் தோன்றியது அதில், ஒரு சின்ன வேஷத்தில். பிறகு ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’. 1950இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக ‘மந்திரி குமாரி’, டி.ஆர். சுந்தரம் பெயரும் இயக்குநராக உண்டு. பதினான்கு வருஷத்துக்கு முன் சின்ன வேஷம் கட்டியவர் இதில் வாளேந்திய கதாநாயகன்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கருணாநிதியின் வசனத்தைச் சொல்வார்கள், எம்.ஜி.ஆரைச் சொல்வார்கள். டங்கனை ‘தமிழே தெரியாத அமெரிக்கர்’ என்று ஒரு வேடிக்கைத் தகவலாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவார்கள். நியாயமாகப் பார்த்தால் வசனத்தின் பெருமையில் அவருக்குப் பங்கில்லைதான். குண்டலகேசி கதையை எழுத்தில் கூர்மையாக்கியது கருணாநிதி. ஆனால் அன்றைய தமிழ் சினிமா பெரும்பாலும் மேடை நாடகத்தை அப்படியே படம் பிடித்துக்கொண்டிருந்தது. காது மட்டும் இருந்தால் போதும். மொழி தெரியாத மனிதருக்கு அந்த வசதி கிடையாது. முகம், கை, நடை, நிற்கிற இடம் இவற்றை வைத்துத்தான் காட்சி சரியா என்று அவர் முடிவு செய்தாக வேண்டும். அவருடைய குறை நமக்கு லாபமானது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

1950இல் டங்கன் ஊர் திரும்பினார். 2001இல், தொண்ணூற்றிரண்டு வயதில் இறந்தார். தமிழ் சினிமா யாருடையது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவ்வா நினைவுக்கு வருவாள். எந்த மாநிலம் என்று ஊரே சண்டை போட்ட காலத்தில், தமிழ் தெரியாதவர் எடுத்த தமிழ்ப் படத்தைப் பாதித் தமிழோடு பார்த்துவிட்டு, சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.